எந்த மார்த்தாண்ட வர்மா? எந்த ராமவர்மா?

தக்கலைப் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். முதலாவது: “குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றவர் மார்த்தாண்ட வர்மா என்று படித்தேன். தோள்சீலைக் கலவரம் நடந்தபோது ஆண்டவரும் மார்த்தாண்ட வர்மா என்கிறார்கள். இருவரும் ஒருவர்தானா?” இரண்டாவது: “எங்கள் பாட்டி வீட்டில் ஒரு பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) இருக்கிறது. அது ராமவர்மா மகாராஜா காலத்து ஆதாரம் என்று பாட்டி சொல்வார். அதில் கொல்லம் 1059 மகரம் என்று மலையாள ஆண்டும் மாதமும் மட்டும் போட்டிருக்கிறது. எந்த ராமவர்மா?”

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இருவரும் ஒருவர் அல்லர். குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்டில். தோள்சீலை உரிமை, அதாவது நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமை பற்றிய அரச விளம்பரம் (அரசரின் பொது அறிவிப்பு) வெளிவந்தது 1859 ஜூலையில். நடுவே 118 ஆண்டுகள் இருக்கின்றன. ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் நின்றிருக்க வழியே இல்லை. ஆனாலும் இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. நன்றாகப் படித்தவர்கள் மேடையேறி இருவரையும் ஒருவராக்கிப் பேசியதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். குளச்சல் வெற்றியைப் பாடிவிட்டு, அதே மூச்சில் “இதே மன்னன்தான் நம் பெண்களின் மேலாடையைப் பறித்தான்” என்று ஒருவர் முழங்கினார். இன்னொரு கூட்டத்தில் ஒருவர், அடிமை முறையை ஒழித்த பெருமையையும் குளச்சல் வீரருக்கே கொடுத்துவிட்டார். இரண்டுமே பிழை. நம் குமரி மாவட்டத்தின் ஆறாத காயங்களும் பெருமைகளும் இந்தப் பெயர்களோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. எனவே ஆளை மாற்றிச் சொல்வது சின்னப் பிழை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூத்தவரிடமிருந்து தொடங்குவோம். அவர் அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. அனிழம் என்பது மலையாள வழக்கு. நாம் அனுஷம் என்று சொல்லும் நட்சத்திரம்தான். 1706-இல் பிறந்து, 1729-இல் வேணாட்டின் ஆட்சிக்கு வந்து, 1758-இல் மறைந்தவர். அவர் கைக்கு வந்தபோது வேணாடு சிறிய நாடு. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற செல்வாக்கு மிக்க நாயர் தலைவர்கள் ஒரு பக்கம், முந்தைய மன்னரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் இன்னொரு பக்கம் என்று உள்நாட்டிலேயே பகை சூழ்ந்திருந்தது. அவர்களை ஒடுக்கி, வடக்கே ஒவ்வொரு நாடாகச் சேர்த்துத் திருவிதாங்கூரை உருவாக்கினார். குறுமிளகு வணிகத்தைக் கையில் வைத்திருந்த டச்சுக் கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை. குளச்சலில் படை இறக்கினார்கள், தோற்றார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவரான எஸ்தாக்கியுஸ் டிலனாய், பின்னாளில் இதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியானார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல் அது. 1777-இல் அவர் இறந்தபோது அனிழம் திருநாள் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. டிலனாய் இரண்டு மன்னர்களுக்குச் சேவை செய்தவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாமவர் பின்னால் வருவார்.

கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் இவர் காலத்தில்தான். கொல்லம் 925 மகரம் 5-ஆம் நாள், அதாவது 1750 ஜனவரியில், நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, இனி தாம் பத்மநாபதாசர் என்று அறிவித்தார். திருப்படிதானம் என்பது அதுவே. அதற்குப் பின் வந்த எல்லா மன்னர்களும் தங்கள் பெயருக்கு முன்னால் பத்மநாபதாச என்று போட்டுக்கொண்டார்கள். பெயர்க்குழப்பத்துக்கு இன்னொரு அடுக்கு அங்கே சேர்ந்தது.

இதே அனிழம் திருநாளின் ஆட்சியில்தான் தேவசகாயம் கொல்லப்பட்டார். நட்டாலத்தில் 1712-இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர், பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணியில் இருந்தவர். டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத்தான் தமிழில் தேவசகாயம் என்று ஆக்கினார்கள். ‘இறைவன் துணைநின்றான்’ என்பது அந்த எபிரேயப் பெயரின் பொருள். 1749-இல் சிறைப்பட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். குளச்சலின் வெற்றியும் காற்றாடிமலையின் துப்பாக்கிச் சத்தமும் ஒரே மார்த்தாண்ட வர்மாவுக்கு உரியவை. இதை மறைத்து அவரை வெறும் வீரராகக் காட்டுவதும் சரியில்லை. வெற்றியை மறைத்து வெறும் கொடியவராகக் காட்டுவதும் சரியில்லை. தோள்சீலை விவகாரத்தை மட்டும் அவர் தலையில் வைக்க முடியாது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் அது வெடித்தது.

இரண்டாமவர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. 1814-இல் பிறந்தவர். சங்கீதத்தால் புகழ்பெற்ற சுவாதித் திருநாளின் தம்பி. அண்ணன் 1846-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் மறைந்ததால் ஆட்சிக்கு வந்து, 1860-இல் மறையும் வரை ஆண்டார். இவர் போர்க்களம் கண்ட மன்னர் அல்லர். ரெசிடென்ட் என்ற ஆங்கிலேயப் பிரதிநிதியின் நிழலில் நாடு இருந்த காலம் அது. விக்டோரியா ராணிக்குத் தந்தத்தில் ஓர் அரியணை செய்து அனுப்பினார். 1851-இல் லண்டன் கண்காட்சியில் அதை வைத்தார்கள். 1855-இல் அடிமை முறையை ஒழிக்கும் விளம்பரம் வந்ததும் இவர் ஆட்சியில்தான். நம் தெற்குப் பகுதிகளில் வயலோடு சேர்த்து மனிதரையும் விற்று வாங்கிய கொடுமைக்குச் சட்டப்படி முடிவு அந்த விளம்பரத்தில் வந்தது.

தோள்சீலை விவகாரம் இவர் காலத்தில் முளைத்ததல்ல. 1820-களிலேயே கல்குளம், இரணியல் பக்கங்களில் அது வெடித்துவிட்டது. சாணார் என்று அன்றைய ஏடுகள் எழுதும் நாடார் சமூகத்துப் பெண்கள், குறிப்பாகக் கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள், மார்பை மறைத்து உடுத்தத் தொடங்கினார்கள். சந்தைகளில் அவர்களுடைய துணியைக் கிழித்தார்கள். ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1829-இல் ஓர் அரச விளம்பரம் மேலாடைக்குத் தடை சொன்னது. அப்போது அரசப் பொறுப்பில் இருந்தவர் கௌரி பார்வதி பாய். மறுபடியும் 1858 இறுதியில் நாகர்கோவில் சுற்றுவட்டாரம் பற்றி எரிந்தது. மதராஸ் கவர்னர் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்தார். திவான் மாதவராவ் பொறுப்பில் இருந்தார். 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாளின் விளம்பரம் வெளிவந்தது. நாடார் பெண்கள் சட்டை போடலாம், அல்லது மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் போர்த்திக்கொள்ளலாம் என்று அது சொன்னது. உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற முறையில் மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது. முழு உரிமை அல்ல. ஆனால் சந்தையில் அடிவாங்கியும் துணியைக் கைவிடாத அந்தப் பெண்கள் அரசனின் வாயிலிருந்து பிடுங்கிய உரிமை. அந்த விளம்பரம் வந்தபோது அரியணையில் இருந்த மார்த்தாண்ட வர்மா இவர். குளச்சல்காரர் அல்ல.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு: உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. உத்திரமும் உத்திராடமும் காதில் ஒன்றுபோல் விழுவதால் இங்கும் தடுமாறுகிறார்கள். இவர் 1922-இல் பிறந்து 2013-இல் மறைந்தவர்; நாடாண்டவர் அல்லர், அரச குடும்பத்தின் தலைவராக மட்டும் இருந்தார். 2011-இல் பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகளைத் திறந்து உலகமே பேசியபோது செய்தித்தாள்களில் வந்த பெயர் இவருடையது.

ஏன் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள்? திருவிதாங்கூர் அரசுரிமை மருமக்கள் வழியில் போனது. மன்னனின் மகனுக்கு அரியணை இல்லை. சகோதரியின் மகனுக்கே உண்டு. மன்னனின் மக்கள் தம்பி, தங்கச்சி என்ற பட்டத்தோடு விலகி நிற்பார்கள். பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அனிழம் திருநாளோடு மோதியதற்குக் காரணமே அதுதான். தாய்வழிக் குடும்பத்தில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு ராமவர்மா, மார்த்தாண்ட வர்மா, ரவிவர்மா, கேரளவர்மா, ஆதித்தவர்மா என்ற விரல்விட்டு எண்ணும் பெயர்களில் ஒன்றை வைப்பார்கள். ஆளைப் பிரித்தறிய உதவுவது பிறந்த நட்சத்திரம். நமக்குத் திருநாள் என்றால் கோயில் கொடியேற்றம் நினைவுக்கு வரும். அரண்மனை வழக்கில் அது பிறந்த நாள். சித்திரைத் திருநாள் என்றால் சித்திரை மாதத்துத் திருவிழா அல்ல. சித்திரை நட்சத்திரத்தில் பிறந்தவர். தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தத் திருநாளை விட்டுவிட்டு வெறும் பெயரை அச்சிடும்போது, ஆளை அடையாளம் காட்டும் ஒரே சொல் போய்விடுகிறது.

எண்ணிப் பாருங்கள். 1729 முதல் 1949 வரை திருவிதாங்கூரை ஆண்ட ஆண்கள் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேர் ராமவர்மா, இரண்டு பேர் மார்த்தாண்ட வர்மா, இரண்டு பேர் பலராம வர்மா. ஒன்பது மன்னர்களுக்கு மூன்றே பெயர்கள்! அரசப் பொறுப்பேற்ற பெண்கள் மூவரில் இருவர் லட்சுமி பாய், ஒருவர் பார்வதி பாய். 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு, பள்ளியில் நம் பிள்ளைகள் சோழரையும் பாண்டியரையும் பல்லவரையும் படித்தார்கள். அது நல்லதே. ஆனால் பக்கத்துக் கோட்டையைக் கட்டியவர் யார், பக்கத்து அணையைக் கட்டியவர் யார் என்று தெரியாமல் வளர்ந்தார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ராமவர்மாக்கள் ஐந்து பேரையும் நட்சத்திரம் சொல்லி மனப்பாடம் செய்வது கடினம். நம் மண்ணில் அவர்கள் விட்டுச்சென்றதை வைத்து நினைவில் கொள்ளுங்கள். நான் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

முதல்வர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. அனிழம் திருநாளின் மருமகன். 1758 முதல் 1798 வரை நாற்பது ஆண்டுகள் ஆண்டவர். டிலனாய் சேவித்த இரண்டாவது மன்னர் இவர்தான். மைசூர்ப் படையெடுப்பின்போது மலபாரிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்ததால் தர்மராஜா என்று பெயர் பெற்றார். 1789 டிசம்பர் இறுதியில் திப்பு, வடக்கு எல்லை அரணான நெடுங்கோட்டையைத் தாக்கியது இவர் ஆட்சியில். தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றியவரும் இவர்தான். நம் ஊர் அரண்மனை வாழ்ந்து ஓய்ந்த கதை இவரோடு முடிகிறது.

அடுத்தவர் சுவாதித் திருநாள். சங்கீத மேடைகளில் அவர் பெயருக்குப் பின்னால் ராமவர்மா என்று சொல்பவர்கள் அரிது. அதனால் அவரும் ஒரு ராமவர்மா என்பதையே பலர் மறந்துவிட்டார்கள். 1813-இல் பிறந்து, 1829-இல் பதினாறு வயதில் நேரடியாக ஆட்சிப் பொறுப்பேற்று, முப்பத்து மூன்று வயதில் மறைந்தவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவைத் தம் அவையில் வைத்துப் போற்றினார். சுசீந்திரத்தில் கொதிக்கும் நெய்யில் கையை முக்கி உண்மையை நிரூபிக்கச் செய்த கைமுக்கு வழக்கம் நின்றது இவர் காலத்தில். அவருடைய கீர்த்தனைகளைக் கேட்கும்போதெல்லாம், நம் சுசீந்திரத்தில் வெந்துபோகாமல் தப்பிய கைகளையும் நான் நினைத்துக்கொள்வேன்.

ஆயில்யம் திருநாளும் விசாகம் திருநாளும் உடன்பிறந்த அண்ணன் தம்பி. இருவருக்கும் பெயர் ராமவர்மாதான்! ஒரே வீட்டில், ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு ஒரே பெயர் என்பதை நம்ப மாட்டீர்கள்; ஆனால் உண்மை. அண்ணன் 1860 முதல் 1880 வரை ஆண்டார். அரசுக்குச் சொந்தமான பண்டாரப்பாட்ட நிலங்களை உழுதவர்களுக்கே உரிமையாக்கிய 1865-ஆம் ஆண்டு விளம்பரம் அவருடைய காலத்தது. உங்கள் பாட்டி வீட்டு ஆதாரத்தைப் போன்ற எத்தனையோ ஆதாரங்களின் வேர் அங்கே இருக்கிறது. தம்பி விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரை ஐந்தே ஆண்டுகள்தான் ஆண்டார். தாவரங்களில் ஆர்வம் கொண்டவர். போர்த்துக்கீசியர் வழியாக முன்பே வந்திருந்த மரவள்ளிக்கிழங்கை மக்களிடம் பரப்பியவர் என்று அவரை நினைவுகூர்கிறார்கள். நாம் மரச்சீனி என்கிறோமே, அதே கிழங்கு. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் அரிசிக்கு வழியில்லாத நாட்களில் மரச்சீனியும் மீன்கறியும் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றின என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மன்னன் விட்டுச்சென்ற நினைவுச்சின்னம் அடுப்பில் வேகும் கிழங்காக இருப்பது எனக்குக் கோட்டையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஐந்தாவது ராமவர்மா மூலம் திருநாள்; 1885 முதல் 1924 வரை. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தரும் பேச்சிப்பாறை அணை, கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. 1904-இல் தொடங்கிய பிரஜா சபை என்ற மக்கள் அவைக்கு ஸ்ரீமூலம் என்றே பெயர். தம் நட்சத்திரத்தையே ஓர் அவைக்குப் பெயராக விட்டுச்சென்றதால் இவரை வேறு ராமவர்மாவோடு குழப்புவது குறைவு.

ஆக, நாற்பது ஆண்டு ஆண்ட தர்மராஜா, சங்கீதம், பண்டாரப்பாட்டம், மரச்சீனி, பேச்சிப்பாறை. வரிசையும் இதுதான்.

பலராம வர்மாக்கள் இருவரையும் குழப்பினால் விபரீதம் பெரிது. அவிட்டம் திருநாள் பலராம வர்மா 1798 முதல் 1810 வரை ஆண்டவர். தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் இவரிடம்தான் தளவாயாக, அதாவது தலைமை அமைச்சராக இருந்தார். 1809 ஜனவரியில் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராக விளம்பரம் செய்து, பிறகு மண்ணடியில் உயிர்விட்டார். சித்திரைத் திருநாள் பலராம வர்மா வேறு. 1912-இல் பிறந்தவர், கொல்லம் 1112 துலாம் 27-ஆம் நாள், அதாவது 1936 நவம்பர் 12-இல், எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்டவர். சுசீந்திரம் தெருக்களில் சத்தியாக்கிரகம் நடத்தியவர்களுக்குக் கிடைத்த பதில் அந்த விளம்பரம். ஒரு பலராம வர்மாவின் காலத்தில் தளவாயின் உடலைத் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். இன்னொருவர் காலத்தில் கோயில் வாசல் திறந்தது. இரண்டையும் ஒருவர்மேல் ஏற்றினால் எந்தக் கதையும் புரியாது.

வேலுத்தம்பியின் முழுப்பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி. செண்பகராமன் என்பது திருவிதாங்கூர் மன்னர்கள் கொடுத்த பட்டம். தோவாளைப் பக்கத்துச் செண்பகராமன்புதூர் பெயரில் அது இன்றும் இருக்கிறது. 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, ஜெர்மனியிலிருந்து விடுதலைக்குப் போராடி, 1934-இல் பெர்லினில் இறந்த செண்பகராமன் பிள்ளைக்கு அது இயற்பெயர். தளவாயும் பிள்ளையும் வேறு வேறு நூற்றாண்டுக்காரர்கள்.

ரவிவர்மா என்றால் எல்லோருக்கும் சித்திரக்காரர்தான் நினைவுக்கு வருவார். கிளிமானூரில் 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்தவர். பெயருக்கு முன்னால் ராஜா என்று இருப்பதால் அவரை மன்னர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் எந்த நாட்டையும் ஆண்டவர் அல்லர். அனிழம் திருநாளின் தந்தையும் அதே கிளிமானூர் குடும்பத்தவர். சித்திரக்காரருடைய பேத்திகள் இருவர் 1900-இல் அரச குடும்பத்துக்குத் தத்துப் போனார்கள். அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள். ஆனால் நாடாண்ட ரவிவர்மாக்களும் இருந்தார்கள். வேணாட்டு ரவிவர்ம குலசேகரன், சங்கிராம தீரன் என்று பட்டம் பெற்றவர், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படையோடு காஞ்சிபுரம் வரை போனவர். அவருடைய கல்வெட்டுகள் காஞ்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கின்றன. 1601-ஐ ஒட்டிப் பத்மநாபபுரம் அரண்மனையை முதலில் கட்டியவர் என்று சொல்லப்படும் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் மூன்றாவது ஆள். படையெடுத்த ரவிவர்மாவுக்கும் தூரிகை பிடித்த ரவிவர்மாவுக்கும் நடுவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன.

கேரளவர்மாக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவிதாங்கோட்டில் கொல்லம் 871, அதாவது 1696-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்ட சாதி ஆண் குறிப்பிட்ட நாட்களில் தீண்டினால் உயர்சாதிப் பெண் சாதியை இழக்கும் புலப்பேடி, மண்ணாப்பேடி என்ற வழக்கங்களைத் தடைசெய்தது அது. அதில் வரும் கேரளவர்மா மலபார் கோட்டயத்திலிருந்து வந்தவர். 1805-இல் ஆங்கிலேயரை எதிர்த்து மடிந்த பழசி ராஜாவும் கேரளவர்மாதான்; அவரும் அதே மலபார் கோட்டயம் வம்சம். இது இன்றைய கோட்டயம் நகரம் அல்ல. பெயரும் ஒன்று, ஊரும் ஒன்றுபோல் தோன்றுகிறது. நூறு ஆண்டு இடைவெளி மட்டும்தான் காப்பாற்றுகிறது.

ராணிகளில் கௌரி லட்சுமி பாய் 1810 முதல் 1815 வரையும், அவர் தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரையும், சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரையும் பொறுப்பில் இருந்தார்கள். இவர்களுக்கும் ஜான்சி லட்சுமி பாய்க்கும் தொடர்பில்லை. கௌரி பார்வதி பாயை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் லண்டன் மிஷனுக்கு ஒரு பங்களாவும் வயல் வாங்கப் பணமும் கொடுத்தவர் அவர். மேலாடைக்குத் தடை சொன்ன 1829-ஆம் ஆண்டு விளம்பரமும் அவர் பொறுப்பில் இருந்தபோது வந்தது. இங்கே ஆள் ஒருவர்தான். ஒருவரே இரண்டு காரியத்தையும் செய்தார்.

நட்சத்திரத்தையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. இருபத்தேழு நட்சத்திரங்கள்தானே இருக்கின்றன? பதினெட்டாம் நூற்றாண்டில் கதகளிக்கு ஆட்டக்கதைகள் எழுதிய இளவரசர் அஸ்வதித் திருநாள் ராமவர்மா. இன்று மேடையில் பாடும் சங்கீத வித்வானும் அஸ்வதித் திருநாள் ராமவர்மா. பெயரும் நட்சத்திரமும் குடும்பமும் ஒன்று. ஆகவே கடைசியில் ஆண்டுதான் தீர்ப்புச் சொல்லும்.

இப்போது உங்கள் பாட்டியின் ஆதாரத்துக்கு வருகிறேன். கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது, புத்தாண்டு ஆவணியில், அதாவது அவர்கள் சிங்கம் என்னும் மாதத்தில், ஆகஸ்டு நடுவில் பிறக்கும். எனவே சிங்கம் முதல் டிசம்பர் முடியும் வரை உள்ள தேதி என்றால் 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடியும் வரை என்றால் 825-ஐக் கூட்டுங்கள். தனு (மார்கழி) மாதம் மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைக்கும். அங்கே நாளையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு தேதிகளில் சோதித்துப் பாருங்கள்: 925 மகரம் 1750 ஆகிறது, 1112 துலாம் 1936 ஆகிறது.

உங்களுடையது 1059 மகரம். 825 கூட்டினால் 1884, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை உள்ள ஏதோ ஒரு நாள். அப்போது அரியணையில் இருந்தவர் விசாகம் திருநாள் ராமவர்மா. பாட்டி சொன்னது சரிதான். அது ராமவர்மா காலத்து ஆதாரம், மரச்சீனி ராமவர்மா. இரண்டு ஆண்டு பிந்தி 1061 என்று இருந்தால் மூலம் திருநாள் ஆகியிருப்பார். நான்கு ஆண்டு முந்தி 1055 மகரம் என்று இருந்தால் ஆயில்யம் திருநாள். மூவரும் ராமவர்மா என்பதால் பாட்டி எப்படிச் சொல்லியிருந்தாலும் பொய்யாகியிருக்காது.

அந்த ஆதாரம் மலையாள எழுத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுதியது ஒற்றியா விலையா என்பதையும், பகுதியின் (வருவாய்க் கிராமத்தின்) பெயரையும், நான்கெல்லையையும் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வாசித்து, இப்போதே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி இருக்கும்போதே செய்யுங்கள். எல்லையில் வரும் விளைகளின் (தோட்ட நிலங்களின்) பழைய பெயர்கள் இன்று எந்த நிலத்தைக் குறிக்கின்றன என்று அவரால்தான் சொல்ல முடியும்.